மாதவிடாய் ஒழுங்காக வந்தாலும் உள்ளே அடைப்பு இருக்கலாம்: ஒரு கிட்னியுடன் பிறந்த பெண்பிள்ளையின் வயிற்றுவலி

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அக்கா மகளுக்கு 13 வயது, வயதுக்கு வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. மாதாமாதம் ஒழுங்காகத்தான் வருகிறது. ஆனால் அந்த நாட்களில் வலது அடிவயிற்றில் உயிர் போகிற வலி, இப்போதெல்லாம் ரத்தம் நின்ற பிறகும் வலி நிற்பதில்லை. பூச்சி மருந்து கொடுத்தோம், குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் போட்டு நீவினோம், அப்பெண்டிக்ஸாக இருக்கும் என்று ஊசி போட்டார்கள். போன வாரம் ஸ்கேன் எடுத்ததில் வலது கிட்னியே இல்லை, கர்ப்பப்பைக்கு வலது பக்கத்தில் கட்டி மாதிரி இருக்கிறது என்று வந்திருக்கிறது. சினைப்பை நீர்க்கட்டி, ஆபரேஷன் பண்ண வேண்டும் என்கிறார்கள். பண்ணலாமா? பின்னாடி கல்யாணம், குழந்தை எல்லாம் என்ன ஆகும்?

பதில்:

ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் முதலில் அதைத் தள்ளிவையுங்கள். காய்ச்சல், விடாத வாந்தி எதுவும் நீங்கள் எழுதவில்லை, அதனால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிற அளவுக்கு நேரம் இருக்கிறது. பிள்ளையை நான் நேரில் பார்க்கவில்லை, இதுதான் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நீலகிரியில் பல வருடம் மகளிர் மருத்துவராக இருந்தவள் என்ற முறையில், உங்கள் கேள்வியில் என் கண் போய் நின்ற இடம் அந்தக் கிட்னிதான். வலது கிட்னி பிறவியிலேயே இல்லை, வலி வலது பக்கம், கட்டி தெரிவதும் வலது பக்கம். மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் அதைத் தற்செயல் என்று விடவே கூடாது. கிட்னியைப் பற்றி எழுதியிருப்பதை ஏதோ கூடுதல் தகவல் மாதிரி தாண்டிப் போய், கட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் வரைக்கும் போய்விடுகிறார்கள். உங்கள் அக்கா மகள் விஷயத்தில் அதுதான் நடக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். பெண் கருவில் கர்ப்பப்பை முதலிலேயே ஒன்றாக உருவாவதில்லை. முல்லேரியன் குழாய் என்று வலதும் இடதுமாக இரண்டு குழாய்கள் இருக்கும். அவற்றின் மேல்பாதி இரண்டு கருக்குழாய்களாகத் தனித்தனியே நின்றுவிடும், கீழ்ப்பாதி நடுவில் வந்து ஒட்டி, இடைச்சுவர் கரைந்து, ஒரே கர்ப்பப்பையும் பிறப்புவழியின் மேல்பகுதியும் ஆகும். ஒட்டுவது சுமார் மூன்றாம் மாதத்துக்குள் நடக்கிறது, சுவர் முழுக்கக் கரைய ஐந்தாம் மாதம் வரை ஆகலாம். இந்தக் குழாய்களை ஒட்டியே வுல்ஃபியன் குழாய் என்று இன்னொரு ஜோடி ஓடுகிறது. கிட்னி உருவாகக் காரணமான மொட்டு அதிலிருந்துதான் கிளம்புகிறது, முல்லேரியன் குழாய் கீழே இறங்கி வருவதும் அதைப் பிடித்துக்கொண்டுதான். ஒரு பக்கத்து வுல்ஃபியன் குழாய் சரியாக வளரவில்லை என்றால் அந்தப் பக்கம் கிட்னியும் வராது, கர்ப்பப்பையின் அந்தப் பாதியும் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது. அதனால்தான் ஒரே கிட்னியோடு பிறந்த பெண்பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் கர்ப்பப்பையிலோ பிறப்புவழியிலோ ஏதாவது ஒரு வித்தியாசம் இருக்கிறது. சிலருக்கு அது எந்தத் தொந்தரவும் தராது, சிலருக்கு வயதுக்கு வந்ததும் வலியாக வெளிப்படும்.

நான் சந்தேகப்படுகிற பிரச்சினைக்கு ஹெர்லின்-வெர்னர்-வுண்டர்லிக் சிண்ட்ரோம் என்று பெயர். 1971ல் முதல் இருவரும், 1976ல் மூன்றாமவரும் எழுதியதை வைத்து வந்த பெயர். 2007க்குப் பிறகு ஓ.எச்.வி.ஐ.ஆர்.ஏ. (OHVIRA) என்ற சுருக்கம்தான் அதிகம் புழங்குகிறது, ரிப்போர்ட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவார்கள். இதில் கர்ப்பப்பை இரண்டாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி வாய் இருக்கும், பிறப்புவழியும் ஒரு சுவரால் இரண்டாகப் பிரிந்திருக்கும். அதில் ஒரு பாதி கீழே மூடியிருக்கும், மூடிய பக்கத்தில் கிட்னி இருக்காது. இடதை விட வலது பக்கம்தான் இது அதிகம் வருகிறது.

குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. திறந்திருக்கும் பக்கத்துக் கர்ப்பப்பை மாதாமாதம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, ரத்தம் வெளியே வருகிறது, அம்மா நாப்கின் வாங்கிக் கொடுக்கிறார், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். மூடிய பக்கத்திலும் அதே நாட்களில் ரத்தம் கசிகிறது, அதற்கு மட்டும் வெளியேற வழியில்லை. பிறப்புவழியின் சுவர் நன்றாக விரிந்துகொடுக்கும் என்பதால் முதல் சில மாதங்கள் அது வாங்கி வைத்துக்கொள்ளும், வலியும் மற்றப் பிள்ளைகளுக்கு வருகிற மாதிரி சாதாரணமாகத்தான் தெரியும். அது நிறைந்த பிறகு ரத்தம் கர்ப்பப்பைக்குள் ஏறும், அப்புறம் கருக்குழாய்க்குள். அதனால்தான் வலி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகிறது, ரத்தம் நின்ற பிறகும் நிற்க மாட்டேன் என்கிறது. "மாதவிடாய் சரியாக வருகிறதா?" என்று டாக்டர் கேட்பார், "வருகிறது" என்று அம்மா சொல்வார், அடைப்பைப் பற்றிய யோசனை அந்த நிமிடத்தோடு செத்துவிடும். சிலருக்கு அந்தச் சுவரில் ஊசித்துளை அளவுக்கு ஓட்டை இருக்கும். அப்போது மாதவிடாய் முடிந்தும் பழுப்பாகச் சொட்டிக்கொண்டே இருக்கும், நாற்றத்தோடு வெள்ளைப்படும், சீழும் பிடிக்கலாம். அதற்குச் சூடு பிடித்துவிட்டது என்று பெயர் வைத்து வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

சரி, ஸ்கேனில் ஏன் நீர்க்கட்டி என்று வந்தது? தேங்கிய ரத்தம் பார்ப்பதற்கு அப்படித்தான் தெரியும். மூத்திரப்பை நன்றாக நிறைந்திருக்கும்போது அடிவயிற்றில் புரோபை, அதாவது ஸ்கேன் செய்பவர் கையில் பிடித்து வைக்கும் கருவியை, குறுக்காக வைத்துப் பார்த்தால், இரண்டு கர்ப்பப்பைகள் ஒன்றை விட்டு ஒன்று விலகி நிற்பது தெரியும், ஒன்றின் வாய்க்குக் கீழே ஒரு பை தொங்கும். அந்தப் பைக்குள் இருப்பது தெளிந்த நீர் என்றால் திரையில் சுத்தக் கறுப்பாக இருக்கும். பழைய ரத்தம் என்றால் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகத் தெரியும், புரோபைக் கொஞ்சம் அழுத்தினால் அந்தப் பொடி மெதுவாகப் புரளும். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி வரும் சாக்லேட் சிஸ்ட் என்ற கட்டியும் ஏறக்குறைய இதே நிறம்தான். அதனால் ஸ்கேன் செய்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இரண்டு சினைப்பைகளும் அந்தக் கட்டியிலிருந்து தனியாகத் தெரிகின்றனவா, கர்ப்பப்பை ஒன்றா இரண்டா? சினைப்பைகள் இரண்டும் தனியாக இருக்கின்றன என்றால் அந்தக் கட்டி சினைப்பைக் கட்டி இல்லை. பிள்ளை மூத்திரத்தை அடக்க முடியாமல் பாதியில் போய்விட்டு வந்து எடுத்த ஸ்கேன் என்றால் அதை நம்பவே வேண்டாம், தண்ணீர் குடிக்க வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே விட்டு எடுக்கிற ஸ்கேன் கல்யாணமாகாத பிள்ளைக்கு எதற்கு என்று பயப்படுகிறீர்கள் என்றால், அதற்கு அவசியமே இல்லை. தேவைப்பட்டால் வெளிப்புறத் தோலின் மேலேயே புரோபை வைத்துக் கீழிருந்து பார்க்க முடியும்.

எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சுவர் எவ்வளவு தடிமன், எந்த உயரத்தில் இருக்கிறது, கருக்குழாயிலும் ரத்தம் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் துல்லியமாகத் தெரியும். அதில் கதிர்வீச்சு கிடையாது. சத்தம் அதிகம், அரைமணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். முடிந்தால் மாதவிடாய் நாட்களிலோ முடிந்த கையோடோ எடுங்கள், தேங்கியது நன்றாகத் தெரியும்.

வேறு வகைகளையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு வீடுகளுக்கு உதவும்.

14, 15 வயதாகியும் இன்னும் வயதுக்கு வரவில்லை, மார்பு வளர்ச்சி எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் மாதத்துக்கு ஒருமுறை அடிவயிறும் இடுப்பும் வலிக்கிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது கன்னித்திரை முழுதாக மூடியிருப்பதைத்தான். இந்த வகைகளிலேயே அடிக்கடி வருவது அதுதான், ஆயிரம் இரண்டாயிரம் பெண்பிள்ளைகளில் ஒருவருக்கு இருக்கும். ஒரு முறை தோட்டத்து ஆம்புலன்ஸில் ராத்திரி ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள், காலையிலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வளைந்தே நின்றாள். முந்தின மாதமும் இப்படி ஆகி, வேறு ஓர் இடத்தில் டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டு மூத்திரத் தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டியூப் போட்டவர் விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே காட்டியிருந்தால் போதும், நீலம் பாரித்த ஒரு சவ்வு வெளியே புடைத்துக்கொண்டு நின்றிருக்கும். மறுநாள் மயக்க மருந்து கொடுத்துத் திறந்தபோது கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக, கறுப்பாக இறங்கியது. அன்று சாயங்காலமே எழுந்து நடந்தாள். இதில் ஒரே எச்சரிக்கை, ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊசித்துளை தானாக மூடிக்கொள்ளும், உள்ளே கிருமி மட்டும் தங்கிவிடும்.

அதே அறிகுறியோடு, ஆனால் வெளியே நீலப் புடைப்பு இல்லாமல் வந்தால், பிறப்புவழிக்குக் குறுக்கே மேலே எங்கோ ஒரு தடுப்புச் சுவர் இருக்கலாம். இது மிக அரிது. கன்னித்திரை என்று நினைத்துச் சட்டென்று கீறிவிட்டால் தழும்பாகிச் சுருங்கிக்கொள்ளும், இதற்கெல்லாம் கை பழகிய சர்ஜன் வேண்டும். இன்னொன்று, கர்ப்பப்பையின் ஒரு பாதி மட்டும் நன்றாக வளர்ந்து, மறுபாதி வாயே இல்லாத சின்னக் கொம்பாக ஒட்டிக்கொண்டிருப்பது. அதற்குள் உள்வரிச் சவ்வு இருந்தால் மாதாமாதம் வலிக்கும், அதிலும் மாதவிடாய் வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். அந்தக் கொம்பை லேப்ராஸ்கோப் மூலம், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு, எடுத்துவிடுவார்கள், பின்னாளில் அதற்குள் கரு தங்கினால் வெடித்து உயிருக்கே ஆபத்து என்பதால். கர்ப்பப்பையே உருவாகாத பிள்ளைகளும் உண்டு, சுமார் 5,000 பேரில் ஒருவர். அவர்களுக்குப் பெரும்பாலும் வலி இருக்காது, மாதவிடாய் வராததுதான் அறிகுறி. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வயிறு வலிக்கிற பிள்ளைகளை எல்லாம் எம்.ஆர்.ஐ.க்கு அழைத்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். மாதவிடாய் வலி பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சாதாரண வலிதான். அது வழக்கமாக வயதுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் ஆரம்பிக்கும், முதல் ஓரிரு நாள் இருக்கும், வலி மாத்திரைக்குக் கேட்கும். முதல் சில மாதங்களிலேயே கடுமையாக இருப்பது, கூடிக்கொண்டே போவது, ஒரே பக்கமாக இருப்பது, மாத்திரைக்கு அடங்காதது, இவைதான் யோசிக்க வேண்டியவை. சமையலறைச் சுவரில் பால் கணக்கு எழுதுகிற காலண்டர் இருக்குமே, அதிலேயே வலி வந்த நாளுக்கு ஒரு குறி, ரத்தம் வந்த நாளுக்கு ஒரு குறி போட்டு வாருங்கள். மூன்று மாதத்துக் காலண்டரைப் பார்த்தாலே வலி மாதவிடாயோடு ஓடுகிறதா இல்லையா என்று டாக்டருக்குப் புரிந்துவிடும். பூச்சிக்கும் அப்பெண்டிக்ஸுக்கும் காலண்டர் தெரியாது.

இன்னொன்று நம் மலைக்கே உரியது. இருளர், பணியர், குறும்பர் வீட்டுப் பிள்ளை என்றால் அரிவாள் செல் ரத்தச்சோகைக்கான ரத்தப் பரிசோதனையும் கட்டாயம் செய்ய வேண்டும், அந்த நோயும் வயிற்றை முறுக்கும். இந்தியாவில் அந்த நோயை முதலில் பதிவு செய்த ஆய்வுகளில் ஒன்று 1952ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் நடந்ததுதான்.

இனி எங்கே போவது. ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, முதலில் அங்கே மகளிர் பிரிவில் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். ஆபரேஷன் என்று வரும்போது இந்த வகையை ஏற்கெனவே செய்தவர் யாரோ அவரிடம்தான் போக வேண்டும், அதற்குக் கோவைக்கு இறங்க வேண்டியிருந்தால் யோசிக்காமல் இறங்குங்கள். "இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், எது அதில் அடங்கும் என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள். வலி உச்சத்தில் இருக்கும் நாள் பார்த்து மலை இறங்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளை படும் பாடு போதாதென்று, மழைக்காலத்தில் எங்கேயாவது மண் சரிந்தால் பாதி வழியில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் காய்ச்சலோடு வலி, நாற்றமுள்ள சீழ், ஆறேழு மணி நேரமாக மூத்திரம் போகாதது, வாந்தியோடு திடீரென்று ஒரு பக்கம் பிடித்து முறுக்குவது, மயக்கம், இதில் எது வந்தாலும் நாள் பார்க்க நேரம் இல்லை, 108ஐக் கூப்பிட்டுவிடுங்கள். கடைசியில் சொன்ன முறுக்கு வலி சினைப்பை திருகியதாகவும் இருக்கலாம், அதில் மணிக்கணக்குகூட முக்கியம்.

ஆபரேஷன் வரைக்கும் மாதவிடாயை நிறுத்திவைக்க ஹார்மோன் மாத்திரை கொடுக்கலாம். சில நேரம் அது கருத்தடை மாத்திரையாகவே இருக்கும், அட்டையைப் பார்த்துவிட்டுப் பாட்டி சாமியாட வேண்டாம், மேற்கொண்டு ரத்தம் சேராமல் இருக்கத்தான் அது. ஒரே கிட்னி என்பதால் வலி மாத்திரையைக் கடையில் கேட்டு இஷ்டத்துக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள், எது, எத்தனை, எத்தனை நாள் என்று டாக்டர் எழுதட்டும்.

ஆபரேஷன் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்காது. நான் சந்தேகப்படுவது சரியாக இருந்தால், பெரும்பாலும் வயிற்றைத் தொடவே மாட்டார்கள். கீழ்வழியாகப் போய் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருக்கும் சுவரை வெட்டி எடுப்பார்கள், தேங்கியது தானாக வடிந்துவிடும். சுவரில் சின்ன ஓட்டை மட்டும் போட்டுவிட்டு வந்தால் அது மறுபடி மூடிக்கொள்ளும், அதனால் முடிந்தவரை முழுதாக எடுப்பதுதான் சரியான முறை. சுவர் ரொம்ப உயரத்தில் இருந்தால் மட்டும் லேப்ராஸ்கோப் துணை தேவைப்படலாம். நீர்க்கட்டி என்று நினைத்து வயிற்றைத் திறந்தால் என்ன ஆகும்? அங்கே வீங்கிய கருக்குழாயைப் பார்த்துவிட்டு அதை எடுப்பார்கள், சினைப்பையை எடுப்பார்கள், அந்தப் பக்கத்துக் கர்ப்பப்பையையே எடுத்தவர்களும் உண்டு. ஆனால் அடைப்பு கீழே அப்படியே இருக்கும். தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்குள் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது, கன்னித்தன்மை போய்விடுமா என்பதுதானே. அது உடம்பின் ஒரு சவ்வில் இருக்கிற விஷயமே இல்லை. இந்த ஆபரேஷன் உள்ளே இருக்கும் சுவரை எடுப்பது, எதற்கு, எங்கே செய்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக இருக்கும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளை வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும். குழந்தை பிறக்கும். இரண்டு கர்ப்பப்பை உள்ள பெண்கள் பெரும்பாலும் இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். குறைமாதப் பிரசவமும், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பதும், அதனால் சிசேரியனும் மற்றவர்களை விட அதிகம், அதனால் கர்ப்பமானதும் முதல் நாளிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும். தேங்கிய ரத்தம் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வு மாதிரியான திசு வெளியே வளரும் நோய், வந்திருந்தாலும், அடைப்பை எடுத்ததும் அது பெரும்பாலும் அடங்கிவிடும். தாமதம் கூடக்கூடக் கருக்குழாய் கெடும் வாய்ப்பும் கூடும், எனவே மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஒற்றைக் கிட்னிக்கு மருந்து எதுவும் தேவையில்லை. வருடத்துக்கு ஒருமுறை பி.பி. பார்த்து, மூத்திரத்தில் புரதம் இருக்கிறதா என்று சோதித்தால் போதும்.

அக்காவிடமும் மாமாவிடமும் பேசுவதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள். சித்தி சொன்னால் கேட்பாள். ஒரு வருடமாக நடிக்கிறாள், ஸ்கூலுக்குப் போக மாட்டாமல் சாக்கு சொல்கிறாள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், இந்த வயதில் அதைக் கேட்காத பிள்ளையே இல்லை. ஒரு தாளில் இரண்டு குழாய் வரைந்து, எங்கே மூடியிருக்கிறது என்று காட்டுங்கள், 13 வயதுக்கு அது நன்றாகவே புரியும். எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போது காதில் மூக்கில் இருக்கும் தோடு, மூக்குத்தி, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டுக் கூட்டிப்போங்கள். இதுவரை எடுத்த ஸ்கேன்களின் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பெண்டிக்ஸ் என்று சொன்ன நாளில் எடுத்த படம் உட்பட. அவள் வயிற்றில் இருந்தபோது ஐந்தாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் அக்காவிடம் இருந்தால் அதையும் தேடச் சொல்லுங்கள், கிட்னி இல்லை என்பது அதிலேயே எழுதியிருக்கக்கூடும்.